கடல் பக்கத்துப் புள்ளிகள்

ஜெகதாப்பட்டினம் மீன் ஏலத்தில் நூர்நிஷாவின் கண்ணில் மண்ணைத் தூவியவர் யாரும் கிடையாது. மேலே பெரிய இறாலைப் பரப்பி அடியில் பொடிசைத் தள்ளிக் கூடை கொண்டுவந்தால் அவள் வாயே திறக்கமாட்டாள். கூடையை அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டு, கொண்டுவந்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவனாகவே விலையைக் குறைத்துச் சொல்லும்வரை நிற்பாள். புருஷன் கத்தார் போய்ப் பல வருஷமாகிறது. வியாபாரம், வீடு, தங்கச்சி சாமியாவின் கல்யாணம் எல்லாவற்றையும் அவள்தான் ஒண்டியாக நின்று நடத்தினாள். யாரையும் ஒரே பேச்சில் நம்பிவிடாத குணம்தான் தன்னை இவ்வளவு தூரம் கரைசேர்த்தது என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

அதனால்தான், ட்ரோன் கம்பெனியின் திரைக்கு முன்னால் ஊர் சார்பாக ஒருவர் உட்கார வேண்டும் என்று விசைப்படகு சங்கத்தில் பேச்சு வந்தபோது, எல்லார் வாயிலும் அவள் பெயரே வந்தது.

கம்பெனி வந்தது மீன்பிடித் தடைக்காலத்தில், லாஞ்சு என்று ஊர் சொல்லும் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக்கிடந்த நேரம். ஓட்டம் நின்றுபோன ஓர் ஐஸ் கம்பெனியின் மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். மொட்டைமாடியில் ஆன்டெனாவும், சின்னப் பெட்டி மாதிரி ஒரு ரேடாரும் ஏறின. கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் எடுக்கிற ரத்தத்தை ட்ரோனில் அறந்தாங்கிக்கு அனுப்பிப் பரிசோதிப்பது திட்டம். சோதனை ஓட்டம்தான், சரியாக வந்தால் மற்ற ஊர்களுக்கும் போகும் என்றார்கள். பஸ்ஸில் கொடுத்துவிட்டு வெயிலில் ரத்தம் கெட்டுப்போய், மறுபடி போய்க் கையை நீட்டிய அனுபவம் ஊரில் பலருக்கும் இருந்தது. அதனால் யாரும் குறுக்கே நிற்கவில்லை.

பிறகு ரபீக்கின் லாஞ்சு பிடிபட்டது.

முகமது ரபீக் சாமியாவின் புருஷன். தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன சில நடையிலேயே, எல்லை தாண்டியதாகச் சொல்லி அவனையும் கூட இருந்தவர்களையும் லாஞ்சோடு இலங்கைப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். சாமியா அப்போது முழுகாமல் இருந்தாள். பிடிபடுவது அந்தக் கரைக்குப் புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை ஊர் வேறு மாதிரி யோசித்தது. மேலே ஒன்று பறக்க ஆரம்பித்த பிறகுதானே பிடிபட்டான்? தலைக்கு மேல் ரீங்காரம் போட்டுக்கொண்டு போகிறதே, அது ரத்தத்தைத்தான் கொண்டுபோகிறதா? இல்லை, நம் லாஞ்சு எங்கே நிற்கிறதென்று யாருக்கோ காட்டிக்கொடுக்கிறதா?

சங்கத் தலைவர் காஜா மைதீன் ஐஸ் கம்பெனி வாசலில் ஆட்களோடு போய் நின்றார். கம்பெனிக்காரர்கள் மடிக்கணினியைத் திறந்து படம் படமாகக் காட்டினார்கள். ட்ரோனில் கேமரா கீழே பார்க்காது, இறங்குகிற இடத்தில் மட்டும்தான் வேலை செய்யும் என்றார்கள். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. கடைசியில் காஜா மைதீன்தான் சொன்னார்: "உள்ள ஒரு பெரிய திரை வச்சிருக்கீங்கல்ல, வானத்துல என்ன போகுதுன்னு பாக்குறதுக்கு. அதுக்கு முன்னாடி எங்க ஆள் ஒருத்தர் உக்காருவாங்க. ட்ரோன் பறக்குற நேரமெல்லாம் உக்காருவாங்க. சம்மதம்னா பறக்கலாம்."

சம்மதித்தார்கள். மறுநாள் காலை, இறால் விலை பேசி முடித்த கையோடு, நூர்நிஷா அந்த மாடிப்படி ஏறினாள்.

ஏசி அறை. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை. அதில் கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, அறந்தாங்கி எல்லாம் வரைபடமாகக் கிடந்தன. திரைக்கு முன்னால் ஷர்லி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். நாகர்கோவில் பக்கம், முப்பதுக்குள் வயது. பக்கத்து மேசையில் ட்ரோனை ஓட்டுகிற பெலிக்ஸ். அவன் அதிகம் பேசாதவன். ஒரு வணக்கம் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

"உக்காருங்கக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் ஷர்லி. "இந்தப் பச்சை முக்கோணம் நம்ம ட்ரோன். நீலமா வர்றதெல்லாம் சிக்னல் குடுத்துக்கிட்டு வர்ற, ஆள் ஓட்டுற விமானம். இதோ இது திருச்சியிலேருந்து கிளம்பினது, ரொம்ப உயரத்துல போகுது. நமக்குச் சம்பந்தமில்ல. ஆனா ஏதாவது தாழ வந்து, நம்ம முக்கோணத்தைச் சுத்தி இருக்குற இந்தப் பச்சை வட்டத்துக்கிட்ட வந்துச்சுன்னா, வட்டம் மஞ்சளாயிடும். உள்ள வந்துட்டா சிவப்பு. அப்ப நான் கத்துவேன், பெலிக்ஸ் இறக்கிடுவாரு. ட்ரோனுக்குக் கண்ணு கிடையாது பாருங்க. விமானத்துல வர்றவங்களுக்கும் இவ்வளவு சின்னது கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் சேத்து இந்தத் திரைதான் பாக்கணும்."

"அப்ப எங்க லாஞ்செல்லாம் எங்கிட்டு இருக்கு?"

"அது இதுல வராதுக்கா. பறக்குறது மட்டும்தான்."

நூர்நிஷா தலையாட்டிக்கொண்டாள். கூடையின் மேல்தட்டு இறால் பெரிசாகத்தான் இருக்கிறது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் போனாள். திரையைப் பார்த்த நேரத்தைவிட அந்த இரண்டு பேரையும் பார்த்த நேரம்தான் அதிகம். ஷர்லிக்குப் போன் வந்தால் ஏன் வெளியே போய்ப் பேசுகிறாள்? பேசும்போது ஏன் இங்கிலீஷுக்குத் தாவுகிறாள்? மூலையில் ஒரு சின்னத் திரை சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதே, அதில் என்ன ஓடுகிறது? ஒருநாள் ஷர்லி டீ வாங்க இறங்கிய சமயம் நூர்நிஷா எழுந்துபோய் அதை எட்டிப் பார்த்தாள். பழுதான திரை. கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். பெலிக்ஸ் அவளைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவளுக்கு அடுத்த சந்தேகமாயிற்று.

ஆனால் ஷர்லி தங்கமான பிள்ளைதான். சாமியாவின் உடம்பு எப்படி என்று தினமும் கேட்பாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த நேந்திரம் சிப்ஸில் பாதியை இவள் பக்கம் தள்ளுவாள். அது நூர்நிஷாவைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியது. வியாபாரத்தில் ரொம்ப நல்லவிதமாகப் பேசுகிறவனிடம்தான் அவள் ரொம்ப ஜாக்கிரதையாக இருப்பாள்.

ஒரு திங்கள்கிழமை. லாஞ்சுகள் கடலுக்குப் போகும் நாள். காலையில் கரண்ட் போய்த் திரை அணைந்துவிட்டது. திரும்ப வந்து கணினி உயிர்பிடித்தபோது, வரைபடத்தின் கடல் பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் முளைத்தன. எறும்புப் புற்றைக் கிளறிவிட்ட மாதிரி. ஷர்லி இரண்டு இடத்தில் எதையோ அழுத்தினாள். புள்ளிகள் அத்தனையும் மறைந்தன. கடல் பழையபடி வெறும் நீலமாயிற்று.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்லக்கா, குப்பை. பறவை, அலை, அந்த மாதிரி."

நூர்நிஷா மேலே கேட்கவில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவள் பார்த்துவிட்டாள். புள்ளிகள் படகுத்துறையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி, வெளியே விசிறி மாதிரி பிரிந்திருந்தன. எந்தப் பறவை அப்படிப் போகும்?

அன்றே அஸர் தொழுகைக்குப் பிறகு சங்கத்துக்குப் போய்க் காஜா மைதீனிடம் சொன்னாள். அவர் மேசையில் ஓங்கி அறைந்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல! இப்பவே ஆளுகளைக் கூட்டிக்கிட்டுப் போயி அந்த ரேடார் பெட்டியை இறக்கிப் போடுவோம்."

"பொறுங்கண்ணே. முழுசாத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசுவோம். நாளைக்கு நான் கேக்குறேன். நீங்க கூட வாங்க."

மறுநாள் இருவருமாகப் போனார்கள். நூர்நிஷா உட்காரவே இல்லை.

"ஏம்மா, லாஞ்சு தெரியாதுன்னு சொன்ன. நேத்து நான் என் கண்ணால பாத்தேன். பறவைன்னு என்கிட்டயே கதை வுடுற."

ஷர்லியின் முகம் சிவந்துவிட்டது. "பொய்யில்லக்கா... பாதிதான் சொன்னேன். ரேடாருக்கு லாஞ்சும் தெரியும், காக்காயும் தெரியும், லாரியும் தெரியும். எதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. அத்தனையும் திரையில வந்தா, நான் பாக்க வேண்டியதைப் பாக்க முடியாது. அதனால மெதுவாப் போறதை எல்லாம் மறைச்சு வச்சிருக்கோம். வேகமா வர்றது மட்டும் தெரியும்."

"மறைக்கிறீங்க. அழிக்கலையே?" என்றார் காஜா மைதீன்.

ஷர்லி பெலிக்ஸைப் பார்த்தாள். பெலிக்ஸ்தான் பதில் சொன்னான். "ரேடார் பாக்குறது எல்லாமே பதிவாகுதுங்க. ராத்திரி சென்னை ஆபீஸுக்குப் போயிடும். எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தான். ஏதாவது விபத்து ஆச்சுன்னா திருப்பிப் பாக்குறதுக்கு."

"ஆக, எங்க லாஞ்சு போற தடமெல்லாம் சென்னையில இருக்கு."

"புள்ளியா இருக்கு. பேர் ஊர் ஒண்ணும் இருக்காது. அதுவும் இங்கேருந்து கொஞ்ச தூரம் வரைக்கும்தான் தெரியும். எல்லைக்கெல்லாம் எட்டாது."

"எட்டாதுன்னு நீதான சொல்ற" என்றார் காஜா மைதீன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. இனிமேல் எதையும் மறைக்கக் கூடாது. ரேடார் என்னவெல்லாம் பார்க்கிறதோ அத்தனையும் திரையில் தெரிய வேண்டும், நூர்நிஷா பார்க்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்கே பூட்டு. ஷர்லி கெஞ்சினாள். "அக்கா, அப்படி வச்சா ஆபத்து. கூட்டத்துல ஒண்ணு வேகமா வந்தா எனக்குச் சட்டுன்னு பிடிபடாது." பெலிக்ஸ் சென்னையில் இருக்கிற மேலாளரைப் போனில் பிடித்து, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான். மேலாளர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "ட்ரையல் நிக்கக் கூடாது. அவங்க கேக்குற மாதிரியே வச்சிடுங்க. ஷர்லி கொஞ்சம் கவனமாப் பாத்துக்குவாங்க" என்று முடித்துவிட்டார்.

ஷர்லி அவர்கள் கண்ணெதிரே அந்த மறைப்பை எடுத்தாள். திரை முழுக்கப் புள்ளி அப்பிக்கொண்டது. நூர்நிஷாவுக்கு உள்ளூர ஒரு திருப்தி. கூடை கவிழ்ந்துவிட்டது.

புதன்கிழமை மறுபடி லாஞ்சுகள் போகும் நாள். சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு எடுத்த ரத்தம் பெட்டியில் ஏறி, ட்ரோன் கிளம்பத் தயாராக இருந்தது. சாமியாவும் முதல் நாள் கொடுத்திருந்தாள். பெலிக்ஸ் கிளப்பினான். பச்சை முக்கோணம் புள்ளிகளுக்கு நடுவே மெல்ல நகர்ந்தது.

நூர்நிஷா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது அவளுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும்.

"இது லாஞ்சு. சரி. இது என்ன, ரெண்டு சேந்து போகுது?"

"வலை இழுக்குறாங்களா இருக்கும்க்கா. தெரியல."

"அப்ப இந்தத் தனிப் புள்ளி? இது ஏன் நகரவே இல்ல? யாராச்சும் நிறுத்தி வச்சிருக்காங்களா, இல்ல நீங்க அங்கிட்டு எதையும் போட்டு வச்சிருக்கீங்களா?"

"மிதவையா இருக்கும்க்கா. கொஞ்சம் இருங்க..."

"மிதவையா? அந்த இடத்துல மிதவை ஏது? நல்லாப் பாத்துச் சொல்லு."

ஷர்லி குனிந்து அந்தப் புள்ளியை உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வாயெடுத்தவள், நின்றுவிட்டாள். அவள் பார்வை திரையின் மறுபக்கம் ஓடியது. அங்கே, வெள்ளைக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு புள்ளி மட்டும் கரையோரமாக விர்ரென்று வந்துகொண்டிருந்தது. வட்டம் மஞ்சளாகி வெகுநேரமாகியிருக்க வேண்டும். வெள்ளைக்குள் அது தெரியவே இல்லை. இப்போது அது சிவப்பு.

"பெலிக்ஸ், இறக்கு! எங்கயாவது இறக்கு, இப்பவே!"

பெலிக்ஸின் கை அசைந்தது. அதே நேரம் தலைக்கு மேல் தடதடவென்று ஒரு சத்தம். அறையின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு ஹெலிகாப்டர் கரையை ஒட்டித் தாழப் பறந்து தெற்கே போனது. சத்தம் தேய்ந்த பிறகு திரையைப் பார்த்தால், பச்சை முக்கோணத்தைக் காணவில்லை.

ஹெலிகாப்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெலிக்ஸ் அவசரமாக இறக்கிய ட்ரோன் ஓர் இறால் பண்ணைக் குட்டையில் விழுந்து உடைந்திருந்தது. பெலிக்ஸ் போட்டிருந்த பேன்ட்டோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தபோது நூர்நிஷாவும் கரையில் போய் நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளாகத்தான் போனாள். போகிற வழியெல்லாம் அவள் புத்தி ஒரே இடத்தைச் சுற்றியது. நேற்று மறைப்பை எடுத்தால் ஆபத்து என்றார்கள். இன்றைக்கு ஆபத்து வருகிறது. இவ்வளவு கரெக்டாகவா வரும்? திரும்ப மறைப்பதற்காக இவர்களே ஆடுகிற நாடகமா இது?

பெலிக்ஸ் ஓர் இறக்கையையும், பிளந்துபோன பெட்டியையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். பெட்டிக்குள் உடைந்த ரத்தக் குழாய்கள் சேற்றுத் தண்ணீரில் மிதந்தன. அதைக் கீழே வைக்கக்கூட இல்லாமல் தெற்கே வானத்தைப் பார்த்தான். "உள்ள ஆளு இருந்தாங்க" என்றான், யாரிடம் என்றில்லாமல். "ஹெலிகாப்டர்ல ஆளு இருந்தாங்க."

நாடகம் ஆடுகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று நூர்நிஷாவுக்குத் தெரியும். ஏலக்கூடத்தில் தினமும் பார்க்கிற முகம். இது அந்த முகம் இல்லை.

திரும்பி வந்தபோது ஷர்லி அதே நாற்காலியில், அதே திரைக்கு முன்னால் இருந்தாள். நூர்நிஷாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'நீங்கள் பேச்சுக் கொடுக்காமல் இருந்திருந்தால்' என்று ஆரம்பிப்பாள் என எதிர்பார்த்து, அதற்குப் பதிலும் தயார் செய்துகொண்டுதான் நூர்நிஷா படியேறியிருந்தாள். ஷர்லி சொன்னது, "சாமியாக்கா மறுபடி ரத்தம் குடுக்கணும்க்கா, பாவம்" என்பது மட்டும்தான். நூர்நிஷா தன் நாற்காலியைத் திரையிலிருந்து தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

இரண்டொரு நாளில் மேலாளர் சென்னையிலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் டேப்லெட். காஜா மைதீனும் வந்திருந்தார். எந்தத் துறையின் ஹெலிகாப்டர், ஏன் சிக்னல் கொடுக்காமல் பறந்தது என்றெல்லாம் மேலாளருக்கும் சரியாகத் தெரியவில்லை, அல்லது சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு. "நடந்ததுக்கு வருத்தப்படுறோம். எங்க ஆபரேட்டர் தன்னிச்சையா செட்டிங்கை மாத்தினதால வந்த தப்பு. நடவடிக்கை எடுக்குறோம்."

ஷர்லி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காஜா மைதீன் நூர்நிஷாவின் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: "நீ சும்மா இரு தங்கச்சி. அவங்களுக்குள்ளயே அடிச்சுக்கட்டும். கடையை மூடிட்டுப் போயிடுவாங்க. நமக்கும் அதான வேணும்."

நியாயமான யோசனைதான். சும்மா இருந்தால் போதும். ஊர் கேட்டது கிடைத்துவிடும். நூர்நிஷா ஷர்லியின் முகத்தைப் பார்த்தாள்.

"தன்னிச்சையாவெல்லாம் இல்ல" என்றாள். "நாங்கதான் எடுக்கச் சொன்னோம். அந்தப் பிள்ளை வேணாம் வேணாம்னுதான் சொல்லுச்சு. நீங்கதான் போன்ல சரின்னீங்க. ஸ்பீக்கர்ல நானும் கேட்டேன், இந்த அண்ணனும் கேட்டாங்க. அன்னைக்கு அது திரையைப் பாக்க விடாமத் தொணதொணன்னு பேசிக்கிட்டு இருந்ததும் நான்தான்."

காஜா மைதீன் அவளைப் பார்த்த பார்வையில் இத்தனை வருஷப் பழக்கம் அறுந்துபோனது. அவள் நிறுத்தவில்லை.

"இப்ப நான் கேக்குறதுக்குச் சொல்லுங்க. எங்க லாஞ்சு போற தடத்தை எல்லாம் சேத்து வச்சிருக்கீங்களே, அதை யாராச்சும் கேட்டாக் குடுப்பீங்களா?"

"சட்டப்படி கேட்டாக் குடுத்துத்தானம்மா ஆகணும்."

"இதுவரைக்கும் யாராச்சும் கேட்டாங்களா?"

மேலாளர் டேப்லெட்டைப் பார்த்தார். அதில் ஒன்றும் ஓடவில்லை. "இல்ல" என்றார்.

அந்தப் பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. அந்தத் தாமதத்துக்கு என்ன பொருள் என்று நூர்நிஷாவால் கடைசிவரை முடிவுகட்ட முடியவில்லை.

வழி சொன்னது ஷர்லிதான். மேலாளரின் முறைப்பைப் பொருட்படுத்தாமல் பேசினாள். "சார், இங்க இருக்குற வரைக்கும் கடலைப் பாக்காம இருக்க முடியாது. பாக்காம விட்டா, தாழ வர்ற ஹெலிகாப்டரைப் பிடிக்க முடியாது. பாத்தா, இவங்க லாஞ்சும் சேந்துதான் வரும். மறைச்சாலும் இவங்க நம்பமாட்டாங்க. நம்பணும்னு சொல்லவும் நமக்கு வாயில்ல. ஆவுடையார்கோவில் பக்கம் உள்ள தள்ளிப் போயிடுவோம். அங்கேருந்து ரேடாருக்குக் கடல் எட்டாது. ரத்தத்தை அதுவரைக்கும் பைக்ல கொண்டுவந்துக்கலாம்."

"பாதி தூரம் பைக்ல போனா அப்புறம் ட்ரோன் எதுக்கு?" என்றார் மேலாளர்.

"மீதிப் பாதிக்கு" என்றாள் ஷர்லி.

அப்படித்தான் ஆயிற்று. பழைய பதிவுகளை அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். ரேடாரை இறக்கி, லாரியில் ஏற்றி, மாடியைக் காலி செய்துகொண்டு போனார்கள். ஊர் அதைத் தன் பாணியில் புரிந்துகொண்டது. மடியில் கனம் இருந்ததால்தானே ஓடினார்கள்?

பேச்சு அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நூர்நிஷா ஏலத்துக்கு வந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அவள் நகர்ந்ததும் திரும்பத் தொடங்கினார்கள். காஜா மைதீன் நேருக்கு நேர் எதுவும் கேட்கவில்லை. எதிரே வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ஏலம் கூறுகிற மலையாண்டிதான் ஒருநாள் எல்லார் முன்னாலும் சிரித்தபடி கேட்டான்: "என்னக்கா, அந்தப் பிள்ளைக்காக அவ்வளவு பேசினீங்களாமே. உள்ள உக்காரவச்சு நல்லா கவனிச்சாங்களோ?"

"கவனிச்சாங்கடா. நேந்திரம் சிப்ஸ் குடுத்தாங்க. ஒனக்கும் வாங்கித் தரவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவள் மேல் விழுந்த பார்வை மாறவில்லை. யாரையும் நம்பாத பார்வை. இத்தனை வருஷமாகத் தான் மற்றவர்களைப் பார்த்த பார்வை எதிரே நிற்பவனுக்கு எப்படி வலித்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐப்பசி மழையில் ரபீக் விடுதலையாகி வந்துசேர்ந்தான். லாஞ்சு வரவில்லை, ஆள் மட்டும். மெலிந்து, தாடி வளர்ந்து வந்து உட்கார்ந்தவன், வீடு நிறைய உட்கார்ந்திருந்தவர்களிடம் நடந்ததைச் சொன்னான். லாஞ்சின் அடியில் சுழலும் காற்றாடியில் வலை சுற்றி எஞ்சின் நின்றுபோனது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. எங்கே நிற்கிறோம் என்று தெரிவதற்குள் இலங்கைக் கடற்படையின் விளக்கு வெளிச்சம் வந்து மேலே விழுந்தது. "ட்ரோனாவது ஒண்ணாவது. எங்க நேரம்" என்றான்.

வந்தவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடித்துப் போனார்கள். மறுநாளே பேச்சு வேறு உருவில் திரும்பி வந்தது. பெண்டாட்டியின் அக்கா சொல்லிக்கொடுத்ததை ரபீக் ஒப்பிக்கிறான் என்றார்கள்.

நூர்நிஷாவுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. அன்று மாலை, புருஷனுக்குச் சோறு போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் வந்த சாமியா அவள் பக்கத்தில் நின்றாள். நிறைமாதம். மூச்சு வாங்கியது.

"லாத்தா, கோவிச்சுக்காத. ஒண்ணு கேக்குறேன். அங்க உக்காந்திருந்தப்ப ஒனக்கு ஏதாச்சும் தெரிஞ்சுதா? எங்ககிட்டச் சொல்லாத ஏதாச்சும்?"

நூர்நிஷா தங்கச்சியை ஏறிட்டுப் பார்த்தாள். தான் தூக்கி வளர்த்த பிள்ளை. கோபம்தான் முதலில் வந்தது. பிறகு, இவளிடத்தில் தான் இருந்திருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்போம் என்று தோன்றியது.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி" என்றாள். "லாஞ்சு தெரியும்னு நான்தான் கண்டுபிடிச்சேன், சொன்னேன். அதை யாருக்கும் குடுக்கலைன்னு அவங்க சொன்னாங்க, அதையும் சொன்னேன். அது நெசமான்னு கேட்டா எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு எப்படிச் சொல்லுவேன்?"

சாமியா அக்காவின் தோளில் கைபோட்டுப் பாரத்தைச் சாய்த்துக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் சாய்ந்துகொண்டாள்.

அடுத்த வாரம் நூர்நிஷா ஆவுடையார்கோவில் போனாள். அங்கே ஒரு நண்டு வியாபாரியைப் பார்க்க வேண்டியிருந்தது என்று வீட்டில் சொன்னாள். வியாபாரியையும் பார்த்தாள்தான். அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு சிமென்ட் ஷீட் கட்டடத்தில் ஷர்லி இருந்தாள்.

"அக்கா!" என்று எழுந்தே வந்துவிட்டாள். "உக்காருங்க, உக்காருங்க. சாமியாக்காவுக்கு எப்ப தேதி குடுத்திருக்காங்க?"

பெலிக்ஸ் திரும்பிப் பார்த்து, வழக்கத்துக்கு விரோதமாகச் சிரித்தான். அதே திரை. பச்சை முக்கோணம் வயல்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. கிழக்கே வரைபடம் முடிகிற இடத்தில் கடல் இல்லை. சவுக்குத் தோப்போடு எல்லாம் நின்றுவிட்டது.

நூர்நிஷா அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கு அங்கிட்டு?"

"ஒண்ணும் இல்லக்கா. அவ்வளவுதான் ரேடார்."

"நகத்திப் பாரேன்."

ஷர்லி சிரித்துக்கொண்டே மவுஸை அவள் பக்கம் தள்ளினாள். "நீங்களே நகத்துங்க."

பழக்கமில்லாத கையால் அதைப் பிடித்து நகர்த்தினாள் நூர்நிஷா. தோப்பு இடதுபக்கம் போனது. அதற்கப்புறம் சாம்பல் நிறம். இன்னும் நகர்த்தினாள். சாம்பல்தான். இன்னொரு தடவையும் நகர்த்திப் பார்த்தாள்.

"நம்பலையாக்கா?"

"ஒன்னைய நம்புறேன். ஒன் கம்பெனியைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஷர்லி மறுபடி சிரிக்க ஆரம்பித்தவள், சட்டென்று நிறுத்தித் திரைப் பக்கம் திரும்பினாள். பச்சை முக்கோணத்தைச் சுற்றியிருந்த வட்டம் மஞ்சளாகியிருந்தது. வடக்கேயிருந்து ஒரு நீலப் புள்ளி தாழ இறங்கிக்கொண்டிருந்தது. "பெலிக்ஸ், வலது பக்கம் விலகு. உயரத்தைக் குறை. இன்னும். இன்னும் கொஞ்சம்" என்று அவள் குரல் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

அது என்ன, யாருடையது, எதற்கு இவ்வளவு தாழ வருகிறது என்று நூர்நிஷாவின் நாக்கு நுனிவரை கேள்வி வந்துவிட்டது. அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வட்டம் திரும்பப் பச்சையாகும்வரை வாயைத் திறக்கவில்லை. ஆன பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.